பெயரை மறந்த ஈயும் பதினைந்து தீப்பெட்டிகளும்

பணி ஓய்வுக்குப் பிறகு ஓவிய வாத்தியாரை யாரும் தேடி வருவதில்லை. முன்பெல்லாம் கல்யாண வீட்டுக்குப் போர்டு எழுதவாவது கூப்பிடுவார்கள். இப்போது அதற்கும் பிளக்ஸ் வந்துவிட்டது. அதனால் 2023 செப்டம்பரில் வாசகர் வட்டத்து நண்பர் ஒருவர் போன் செய்து, "அண்ணாச்சி, நம்ம மாவட்டத்து நூலகர்கள் கொஞ்சப் பேருக்குக் கதை சொல்லப் பழக்கணும். நீங்க ரெண்டு நாள் வரணும்" என்றபோது, யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன்.

போனை வைத்த பிறகுதான் பயம் வந்தது. நான் கதைசொல்லி இல்லை. முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளுக்குக் கிளியும் மாம்பழமும் வரையச் சொல்லிக் கொடுத்தவன். கதை சொல்லிய அனுபவம் என்றால், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் தொண்டனாக அலைந்த காலத்தில் கிடைத்ததுதான். நம் மாவட்டத்துக்குக் காமராசர் மாவட்டம் என்று பெயர் இருந்த சமயம் அது. தீப்பெட்டி ஆபீசில் வேலை முடிந்து வரும் பெண்கள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் தெருவிளக்கின் கீழ் உட்காருவார்கள். எழுத்தைக் காட்டினால் கொட்டாவி விடுவார்கள். ஒரு அட்டையில் காக்காயை வரைந்து, கையில் ஆட்டிக்கொண்டு கதையைத் தொடங்கினால் நிமிர்ந்து உட்காருவார்கள். அப்போது கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. சொல்லுகிறவன் கையில் ஏதாவது இருக்க வேண்டும். கை சும்மா இருந்தால் வாய் உளற ஆரம்பித்துவிடும்.

அந்த ஒன்றை வைத்துத்தான் இரண்டு நாளை ஓட்டுவதென்று முடிவு செய்தேன்.

வெளியூர் நண்பர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலையைத்தான் ஆபீஸ் என்போம். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். "அவ அம்மா ஆபீசுக்குப் போறா" என்றால் நாற்காலியில் உட்கார்ந்து பேனா பிடிக்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள்.

கைவேலைப் பொருளுக்கு எங்கள் ஊரில் பஞ்சமே கிடையாது. சிவகாசியில் ஆப்செட் அச்சகங்கள் வெட்டிப் போடும் ஓரத் துண்டுகள் எடைக்கடையில் கிலோக் கணக்கில் கிடைக்கும். அதைவிட எனக்குப் பிடித்தது, மிஷினில் கலர் செட் ஆகும்வரை ஓட்டித் தள்ளும் வேஸ்ட் ஷீட். அதே தாளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதால் ஒன்றின் மேல் ஒன்றாகப் படம் விழுந்திருக்கும். மகாலட்சுமி முகத்தின் மேல் தரைச்சக்கரம், அதன் மேல் ஜவுளிக்கடை விளம்பரம். எந்த ஓவியனுக்கும் வராத வர்ணச் சேர்க்கை அது. அதைக் கிழித்தால் நல்ல மயில் தோகை கிடைக்கும். அப்புறம் தினசரி காலண்டர் அட்டை. வருடம் முடிந்ததும் பரணில் போடுகிறோமே, அது. தீப்பெட்டிகளுக்கு ஒரு சின்ன ஆபீஸ் முதலாளியிடம் கேட்டேன். லேபிள் கோணலாக அச்சானதால் ஒதுக்கிய அட்டைப் பெட்டிகள், பாதி ஒட்டியும் ஒட்டாமலும், ஒரு சாக்கு நிறையக் கொடுத்தார். "2021 டிசம்பர்ல விலை ஒரு ரூவாயிலேருந்து ரெண்டு ரூவா ஆச்சு, அப்பவும் லைட்டர் எங்களத் தின்னுட்டுத்தான் இருக்கு வாத்தியாரே. கதைக்காவது ஆகட்டும்" என்றார்.

பசை மட்டும் வீட்டில் காய்ச்சியது. மைதாவும் தண்ணீரும்தான். ஆபீஸ் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். சின்னப் பிள்ளைகள் விரலை வாயில் வைப்பார்கள் என்பதால் அதைச் சேர்க்கவில்லை. துத்தம் போடாத பசை இரண்டு நாளில் புளித்துவிடும். வீட்டம்மா இரண்டு நாளும் காலை ஐந்து மணிக்கு எழுந்து புதிதாகக் காய்ச்சிக் கொடுத்தாள். இதை எழுதாமல் விட்டால் எனக்கு மதியச் சோறு கிடைக்காது.

ஒரு கிளை நூலகத்தின் மாடியில் கூடினோம். இருபத்திரண்டு பேர். ஊர்ப்புற நூலகர்கள்தான் பாதிக்கு மேல். ஒற்றை அறை, ஒரு பீரோ, நான்கு நாற்காலி, தினசரிகள், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இரண்டு இளைஞர்கள். இதுதான் அவர்களுடைய நூலகம். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்திருந்தது. போய்ப் பார்த்து வந்தவர்கள் அங்கே குழந்தைகளுக்கென்று இருக்கும் பகுதியைப் பற்றிக் கண்கள் விரியச் சொன்னார்கள். சொல்லி முடித்ததும் ஒரு பெருமூச்சு. "நம்ம கிட்ட என்ன சார் இருக்கு?"

மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் 1931-இல் மாட்டு வண்டியில் புத்தகத்தை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனதைச் சொன்னேன். நம் நாட்டு நூலகத் துறைக்குத் தந்தை என்று சொல்லப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன், சீர்காழிக்காரர், அதே 1931-இல்தான் தன்னுடைய ஐந்து விதிகளைப் புத்தகமாகப் போட்டார். அவர் கணக்குப்படி புத்தகம் பூட்டி வைப்பதற்கு இல்லை. இருபத்திரண்டு பேரும் தலையாட்டினார்கள். விதியெல்லாம் அவர்களுக்குப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது. நான் சொல்லி ஆவது ஒன்றுமில்லை.

முதல் நாள் காலை, காலண்டர் அட்டை வேலை. ஜப்பானில் 1930களில் மிட்டாய் விற்கிறவர்கள் சைக்கிளின் பின்னால் ஒரு மரச்சட்டத்தை வைத்துக்கொண்டு வருவார்களாம். மிட்டாய் வாங்கிய பிள்ளைகள் முன்னால் நிற்க, படங்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே கதை சொல்வார்கள். கமிஷிபாய் என்று பெயர். காகித நாடகம் என்று அர்த்தம். படத்தின் பின்பக்கத்தில் கதை எழுதியிருக்கும். டி.வி. வந்ததும் அந்த சைக்கிள்காரர்களின் பிழைப்பு படுத்துவிட்டது. எங்களுக்கு மரச்சட்டம் எதற்கு? பட்டாசு அட்டைப்பெட்டியில் ஒரு ஜன்னல் வெட்டினோம். காலண்டர் அட்டையில் படம், பின்னால் கதை.

"எனக்குப் படம் வராது சார்" என்று இருபத்திரண்டு பேரும் சொன்னார்கள். முப்பத்து மூன்று வருடம் கேட்ட வசனம். கத்தரிக்கோலையும் பென்சிலையும் பிடுங்கி வைத்துவிட்டு, கிழித்து மட்டும் ஒட்டச் சொன்னேன். கறுப்புத் தாளில் ஒரு முக்கோணம் கிழித்தால் காக்கா. பழுப்புத் தாளில் ஒரு வால் கிழித்தால் நரி. கிழிந்த ஓரம் பிசிறாக இருப்பதால் ரோமம் மாதிரியே தெரியும். தப்பாக வரைந்துவிட்டோம் என்ற பயம் கிழிக்கும்போது வருவதில்லை, அதுதான் சூட்சுமம். பதினொரு மணி டீக்கு சாத்தூர்ச் சேவு வந்தது. அந்த எண்ணெய்க் கையோடு ஒருவர் நரியைத் தொட்டார். நரிக்குப் பளபளப்பு வந்துவிட்டது.

ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்த ஒரு அண்ணாச்சி, பாட்டி வடை சுட்ட கதையை ரயில்வே அறிவிப்பு போலச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவரையே உங்கள் ஊரில் சொல்லும் கதை ஒன்றைச் சொல்லுங்கள் என்றேன். குரல் மாறிவிட்டது. கஞ்சப்பயல் ஒருவன் மாமியார் வீட்டுக்குப் போன கதை. கொழுக்கட்டையின் பெயர் மறந்துவிடாமலிருக்க வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போகிறவன், ஓடையைத் தாண்டும்போது 'அத்திரிபாச்சா' என்று கத்தி, கொழுக்கட்டையை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்கிறானே, அதேதான். மனிதர் ஓடையை நிஜமாகவே தாண்டிக் காட்டினார், அறுபது வயதை நெருங்கும் காலோடு. இந்தக் கதைகளைத் தேடி அலைந்தே ஒரு களஞ்சியம் சேர்த்துவிட்டுப் போனார் இடைசெவல் கி. ராஜநாராயணன். இடைசெவல் நமக்கு என்ன தூரம், கோவில்பட்டி தாண்டினால் வந்துவிடும். ஆனால் அவருக்குக் கதை சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் நூலகப் படி ஏறாதவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

மதியம் தீப்பெட்டி. நான் தப்புச் செய்தது அங்கேதான்.

பெயரை மறந்த ஈயின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டை மெழுகிக்கொண்டிருந்த ஈக்குத் தன் பெயர் மறந்துபோகிறது. கன்றுக்குட்டியிடம் கேட்கிறது, அது தாய்ப்பசுவிடம் கேள் என்கிறது. பசு, மேய்க்கிற இடையன், அவன் கைக்கோல், கோல் வெட்டிய மரம், மரத்துக் கொக்கு, கொக்கு குளிக்கும் குளம், குளத்து மீன், மீன் பிடிக்கும் வலையன், வலையனின் சட்டி, சட்டி செய்த குயவன், மண், மண்ணில் முளைத்த புல், கடைசியில் புல் தின்னும் குதிரை. குதிரை கனைக்கிறது. அந்தக் கனைப்பில் ஈக்குத் தன் பெயர் கிடைத்துவிடுகிறது. ஊருக்கு ஊர் சங்கிலி கொஞ்சம் மாறும். என் கணக்கில் ஈயையும் சேர்த்துப் பதினைந்து. பதினைந்து தீப்பெட்டிகளை நூலில் கோத்து, ஒவ்வொன்றின் உள்பெட்டியிலும் ஒரு படம். கதை நகர நகர ஒவ்வொரு பெட்டியாகத் தள்ளித் திறக்க வேண்டும். ஈக்கு ஒரு கறுப்புச் சட்டைப் பொத்தான். உரசுகிற பக்கத்தில் மருந்து இருக்கும் என்பதால் அதன் மேல் தாள் ஒட்டிவிட வேண்டும். எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஒரு தாளில் படிப்படியாகச் செய்முறையும் எழுதி நகல் எடுத்திருந்தேன். 'ஒவ்வொரு குழந்தையும் பதினைந்து பெட்டிகள் செய்து முடிக்க வேண்டும்' என்பது அதில் ஏழாவது வரி.

சாக்கைக் கொட்டிவிட்டு, சிரிக்க வைப்பதாக நினைத்துக்கொண்டு, "சிவகாசிக்காரங்களுக்கா பெட்டி ஒட்டச் சொல்லித் தரணும்?" என்றேன்.

சிரித்தார்கள். இரண்டாவது வரிசையில் ஒரு அம்மா சிரிக்கவில்லை. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் நூலகர், நாற்பது வயதுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். சாக்கிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். பார்க்காமலேயே மடித்தார், விரல் நுனியில் பசை தொட்டு ஒரு இழுப்பு, ஒரு அழுத்து, தள்ளி வைத்தார். அடுத்தது. அடுத்தது. மற்றவர்கள் முதல் பெட்டியின் மூலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கையில் அவர் முன்னால் பன்னிரண்டு பெட்டிகள் வரிசையாக நின்றன. பக்கத்திலிருந்தவர் கைதட்டினார். இவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

கொஞ்சம் விட்டு நான் போனேன்.

"உடம்புக்கு என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார். கை தானா ஓடிருச்சு. நிறுத்த முடியல."

பிறகு அவராகவே சொன்னார். ஏழு வயதில் தொடங்கியதாம். வீட்டில் மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டுப் போவார்கள். ஒரு குரோசுக்கு நூற்று நாற்பத்து நான்கு பெட்டி. பள்ளிவிட்டு வந்ததும் இத்தனை குரோசு முடித்தால்தான் சோறு என்று அம்மா சொல்ல மாட்டாள், ஆனால் முடிக்காமல் சோறு இறங்காது. துத்தப் பசை விரல் வெடிப்பில் ஏறி எரியும். நான்காம் வகுப்பில் ஒரு வருடம் பள்ளியே போகவில்லை. ஆபீஸ் வேன் விடியுமுன்னே வரும், தூங்குகிற பிள்ளையைத் தூக்கித்தான் ஏற்றுவார்கள். அங்கே கட்டை அடுக்குகிற வேலை.

1986-இல் வந்த சட்டம் பதினான்கு வயது நிறையாதவர்களைத் தீப்பெட்டி, பட்டாசு வேலையில் வைக்கக் கூடாது என்றது. குடும்பத்தோடு செய்கிற வேலைக்கு மட்டும் விலக்கு வைத்தது. அந்தச் சின்ன வாசல் வழியாகத்தான் மூட்டை மூட்டையாகப் பெட்டி வீட்டுக்குள் வந்தது. 1996 டிசம்பரில், எம்.சி. மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில், ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது இந்த அம்மா குழந்தையே இல்லை. அதற்குள் எப்படியோ மறுபடி பள்ளிக்குப் போய், படித்து, பிறகு நூலக அறிவியலும் முடித்து வேலைக்கும் வந்துவிட்டார்.

எனக்கு என் வகுப்பறை ஞாபகம் வந்தது. எண்பதுகளில் தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் பின்வரிசை காலியாகிவிடும். வருகிற பிள்ளைகளின் டிராயிங் நோட்டில் பசைக் கறை இருக்கும். சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதா என்று ஒரு சிறுமியின் நோட்டைத் தூக்கி எறிந்திருக்கிறேன். இந்த அம்மா என் மாணவி இல்லை. ஆனாலும் அன்றைக்கு வராந்தாவில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை சாக்கைக் கட்டி மூலையில் வைத்துவிட்டேன். தீப்பெட்டி வேண்டாம், பொம்மலாட்டத்துக்குப் போவோம் என்றேன்.

"எதுக்கு சார்? பெட்டி இருக்கட்டும்" என்று எழுந்தது அவர்தான். "கதை நல்லாருக்கு. ஆனா பெட்டிய நாம ஒட்டிக்குவோம். புள்ளைகள ஒட்ட வைக்க வேண்டாம். அதுக தொறந்து பாக்கட்டும்."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் கையால் செய்யாவிட்டால் இந்தப் பயிற்சிக்கே பொருள் இல்லை, நாம் செய்து கொடுத்தால் அது கடையில் வாங்கிய பொம்மைதான் என்றேன். ஒரு இளம் நூலகர் என் பக்கம் பேசினார். இப்போதைய பிள்ளைகளுக்கு அந்தக் காலமே தெரியாது மேடம், அவர்களுக்கு இது விளையாட்டுத்தானே என்றார். ரயில்வே அறிவிப்பு அண்ணாச்சி அந்த அம்மா பக்கம். அரை மணி நேரம் வாதம் நடந்தது. என் பயிற்சியில் உருப்படியான அரை மணி நேரம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த அம்மா என் செய்முறைத் தாளை எடுத்து ஏழாவது வரியில் விரலை வைத்தார். "இங்க பாருங்க சார். பதினஞ்சு முடிக்கணும்னு போட்டிருக்கீங்க. எண்ணிக்கை வந்துட்டா அது வேலைதான். எங்கம்மாவும் இப்படித்தான் சொல்லும், இன்னும் பதினஞ்சுதான் முடிச்சிரு தாயின்னு."

யாரும் பேசவில்லை. மின்விசிறி மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவரே, "அந்த ஈக்கு ஏன் பேரு மறந்துச்சுன்னு யாராச்சும் யோசிச்சீங்களா? வீட்ட மெழுகிக்கிட்டே இருந்துச்சு, அதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அறுபது வருடமாக எனக்குத் தெரிந்த கதை. அந்த இடத்தை நான் நின்று பார்த்ததே கிடையாது.

கடைசியில் ஒரு வழி கிடைத்தது. ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு பெட்டி. பதினைந்து பிள்ளைகள் சேர்ந்தால் ஒரு கதை. யாரும் இரண்டாவது பெட்டியைத் தொடக் கூடாது. பாதியில் எழுந்து போக நினைக்கிற பிள்ளை போகலாம், அந்தப் பெட்டி படம் இல்லாமல் இருந்தால் இருக்கட்டும். ஏழாவது வரியைப் பேனாவால் அடித்து, இருபத்திரண்டு தாளிலும் திருத்தினோம். அந்த அம்மா முழுச் சம்மதமாகத் தலையாட்டினார் என்று சொல்ல மாட்டேன். "பாப்போம் சார்" என்றார்.

பொங்கல் கழிந்து, ஜனவரிக் கடைசியில் அவருடைய ஊருக்குப் போனேன். அவர் வரச் சொல்லவில்லை, நானாகத்தான் பஸ் ஏறினேன். சாயங்காலம் ஐந்து மணி. அந்த ஊரில் பள்ளி விட்ட பிள்ளைகள், ஆபீஸ் வண்டியில் அம்மா வந்து இறங்கும்வரை தெருவில் திரிவார்கள். எங்கள் பக்கத்தில் அந்த நேரம் கொஞ்சம் நெஞ்சு அடிக்கிற நேரம்தான். எங்காவது வெடிச் சத்தம் கேட்டால் ஊரே திசை பார்க்கும், எந்த ஆபீசோ என்று. அந்தப் பிள்ளைகளில் பதினொரு பேர் நூலகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜன்னல் கம்பியிலிருந்து பீரோ கைப்பிடி வரை பெட்டிச் சங்கிலி தொங்கியது. நான் கற்பனை செய்து வைத்திருந்த அழகெல்லாம் இல்லை. ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருந்தது. பசு பச்சை நிறத்தில் இருந்தது. எண்ணிப் பார்த்தேன், பதிமூன்றுதான் இருந்தது. "குயவனைச் செஞ்ச பையன் அதை வீட்டுக்குக் கொண்டு போறேன்னு கேட்டான். குடுத்துட்டேன். அவன் செஞ்சதுதானே சார்" என்றார். கொக்கைச் செய்த பெண் பிள்ளையும் கேட்டாளாம். கதையில் அந்த இடங்கள் வரும்போது, "அவன் வீட்டுக்குப் போயிருக்கான்" என்று பிள்ளைகளே சொல்லிவிட்டு மேலே போகிறார்கள்.

அவர் கதை சொல்லவில்லை. ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமிதான் பொத்தான் ஈயைப் பிடித்துக்கொண்டு பெட்டி பெட்டியாகத் தாவினாள். குதிரைப் பெட்டிக்கு வந்ததும் அது திறக்கவில்லை. எவனோ பசையை அள்ளி அப்பியிருக்கிறான். இழுத்துப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். நான் எழுந்து உதவப் போனேன். அந்த அம்மா முத்திரையைப் பிடித்த கையாலேயே, உட்காருங்கள் என்று சைகை காட்டினார்.

அதற்குள் மற்ற பத்துப் பேரும் கனைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.